தராசும் கிளியும்

கிடங்கில் மூட்டை தூக்கும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். தோளில் ஏற்றிய கணமே எடையைச் சொல்லிவிடுவார். அரைக் கிலோ பிசகாது.

மகள் ஆசை ஆசையாய் வாங்கி வந்த பச்சைக்கிளி, கூண்டுக்குள் கை விட்டவர்களை எல்லாம் கடித்துக் குதறியது.

"இது திருந்தாத ஜென்மம்பா, திருப்பிக் கொடுத்துடலாம்" என்றாள் மகள்.

அவர் கேட்கவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் உள்ளங்கையில் தினையை வைத்துக் கூண்டுக்குள் நீட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருப்பார். ரத்தமே வந்தாலும் கையை இழுக்க மாட்டார். இழுத்தால், கடித்தே விரட்டிவிடலாம் என்று அது கற்றுக்கொள்ளுமாம்.

"சுத்தக் கிறுக்கு" என்று முணுமுணுத்தபடி மனைவி மருந்து போட்டுவிடுவாள்.

இருபத்து மூன்றாம் நாள் கிளி தலையைச் சாய்த்து அவரையே பார்த்தது. ஒரு காலை அவர் விரல்மேல் வைத்து அழுத்திப் பார்த்தது. பிறகு மறு காலையும் எடுத்து வைத்து ஏறி நின்று, சாவகாசமாகத் தினையைக் கொறித்தது. அந்தக் கால்கள் இளஞ்சூடாக இருந்தன.

அறைவாசலில் நின்ற மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏங்க, தராசு என்ன சொல்லுது? எத்தனை கிலோ இருக்கும்?"

முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு எடை தெரியவில்லை.

"பேசாதடி" என்றார், உதடு அசையாமல். "கை நடுங்குது."