மேல் கட்டிலுக்கு உரியவன்

பொலித்தீன் உறை கழற்றாத மெத்தை ஒன்று, ஜன்னல் காற்று பட்டால் சரசரக்கும். ஆரோ புரண்டு படுப்பதைப்போல இருக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் நான் ஒக்லாந்தில் வளர்ந்தேன். மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், வந்து இறங்கிய எங்களுக்கு அரசாங்கம் ஒதுக்கித் தந்த பழைய மரவீட்டின் பின்னறையில், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை வைத்த கட்டில் ஒன்று இருந்தது. கீழே நான் படுத்தேன்; மேலே ஒருவருமில்லை. ஒருவருமில்லாத அந்த இடத்துக்குத்தான் புது மெத்தை, புதுத் தலையணை, அப்பா தன் முதல் சம்பளத்தில் வாங்கிய நீலப் போர்வை எல்லாம். எனக்குக் கிடைத்தது முன்பின் தெரியாத ஆரோ படுத்துக் கழித்த, நடுவில் குழி விழுந்த மெத்தை.

அகதியாய் வந்த குடும்பத்துப் பிள்ளை தன் இளமைக்காலத்தை எழுதுகிறான் என்றால், அடைக்கலம் தந்த நாட்டுக்கு நன்றியும் விட்டு வந்த மண்ணுக்குக் கொஞ்சம் கண்ணீரும் இருக்கும் என்று வாசிக்கிறவர்கள் எதிர்பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் என்னை மேடையேற்றி அதைத்தான் பேசச் சொன்னார்கள், பேசினேன், கைதட்டினார்கள். உண்மையில் அந்த வயதில் என்னிடம் நன்றியும் இருக்கவில்லை, ஏக்கமும் இருக்கவில்லை. கோபம்தான் இருந்தது. நாட்டின்மேலும் இல்லை, சண்டையின்மேலும் இல்லை. அந்த மேல் கட்டிலுக்கு உரியவன்மேல்.

அவன் என் அண்ணன், ரூபன். என்னைவிட ஆறு வயது மூத்தவன். பள்ளிக்கூட விடுமுறைக்கு யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போன இடத்தில் சண்டையால் 'பாதை பூட்டி', அவன் அந்தப் பக்கமும் நாங்கள் வவுனியாவிலுமாக அகப்பட்டுக்கொண்டோம். பாதை திறக்கும் திறக்கும் என்று அப்பா பார்த்திருந்தார். பிறகு ஆமிக்காரர் அவரை இரண்டு முறை பிடித்துக்கொண்டு போய்த் திரும்ப விட்டதும், இருக்கிறவர்களையாவது காப்பாற்றுவோம் என்று அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு மலேசியாவுக்கு ஓடினார். அங்கே அகதிகளாகப் பதிவு செய்தபோது கூட வந்தவர்களைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து எங்கள் மூன்று பேரின் பெயரை மட்டும் சொன்னார். மூன்று வருடம் கழித்து நியூசிலாந்து எங்களை எடுத்தபோது எனக்கு ஒன்பது வயது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் நல்லதெல்லாம் ரூபனுக்குத்தான். நண்டு சமைத்தால் அம்மா முதலில் ஒரு பெருமூச்சு விடுவாள், "அவனுக்கு நண்டெண்டால் உயிர்" என்று. நான் கணக்கில் நல்ல மார்க் எடுத்துக்கொண்டு வந்தால், "பெரியவன் உன்ர வயதில வகுப்பில முதலாம் பிள்ளை" என்பார் அப்பா. அவர் ஈஸ்ட் டாமாக்கியில் பெட்டி அடுக்கும் வேலைக்கு விடிய முன்னம் போய், இடுப்பு நாரி நோவோடு திரும்பி வருகிறவர். வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு என் அறைக்கு வருவார். என்னைப் பார்க்க அல்ல, நீலப் போர்வையைத் தட்டி நேராக்க. ஒருநாள் நான் ஏணியில் மூன்றாம் படியில் நின்றதைக் கண்டுவிட்டார். "அவன்ர கட்டிலில கால் வைச்சியெண்டால் முறிப்பன்" என்றார். அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத ஒன்று. ரூபன் என் பெரியப்பாவின் மகன். பெரியப்பாவும் பெரியம்மாவும் ஷெல் விழுந்து ஒரே நாளில் போனபோது அவனுக்கு இரண்டு வயது. அப்பாவும் அம்மாவும் கலியாணம் கட்டி மூன்று மாதம். செத்த வீட்டிலிருந்து அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்குத் தமையனின் பிள்ளை என்றால் தன் பிள்ளைதான், அதில் பேச்சே இல்லை. தத்துப்பிள்ளையாகப் பதிந்து எடுக்கச் சொல்லி ஊர் அதிகாரியான விதானையார் சொன்னபோது, "என்ர பிள்ளைக்கு ஏன் எனக்குப் பத்திரம்?" என்று அப்பா சண்டைக்குப் போயிருக்கிறார். அதனால் அவனுடைய பிறப்புச் சான்றிதழில் பெரியப்பாவின் பெயர் அப்படியே கிடந்தது. எனக்கு இது தெரிந்தது வவுனியாவில் ஒரு பக்கத்து வீட்டுக்காரி சொல்லி. அதை நான் அம்மாவிடம் போய்க் கேட்டதற்கு, "இன்னொருக்கா அந்தக் கதையை எடுத்தாய், வாயில சூடு வைப்பன்" என்றாள். அம்மா சொன்னால் செய்கிறவள்.

டயான் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வியாழக்கிழமைகளில் வருவார். புதிதாய் வந்த குடும்பங்களுக்கு உதவி செய்யச் சும்மா வருகிறவர். வாழைப்பழக் கேக் கொண்டுவருவார், அம்மாவுக்கு பஸ் பிடிக்கக் காட்டிக்கொடுத்தவரும் அவர்தான். அப்பா, அம்மா இருவருக்கும் இங்கிலீஷ் வராது. டொக்டரிடம், வங்கியில், வீட்டு அலுவலகத்தில் எல்லாம் நான்தான் அவர்களுடைய வாய். பெரிய ஆட்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது. ரூபனைக் கூப்பிடுவதற்கான படிவத்தை நிரப்ப டயான் ஒரு வியாழக்கிழமை குசினி மேசையில் வந்து உட்கார்ந்தபோது, எனக்குப் பத்து வயது. அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகாமல், முழுக்கைச் சேர்ட் போட்டு, தலை இழுத்து, திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டயான் கேட்டார், இந்தப் பையன் உங்களுக்கு என்ன முறை என்று. நான் அப்பாவிடம் கேட்டேன். "என்ர மூத்த மகன் எண்டு சொல்லு" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

நான் டயானிடம், அப்பாவின் அண்ணாவின் மகன் என்றேன். எனக்கு 'கசின்' என்றேன்.

அந்தச் சொல் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பொறுக்கியது. நான் சொன்னது பொய்யில்லை என்று இவ்வளவு காலமும் என்னையே சமாதானப்படுத்த இதுதான் உதவியது: அது உண்மை, சான்றிதழும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் டயான் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் நல்ல மனுஷி, வழி தேடினார். உன் பெற்றோர்தானா அவனை வளர்த்தார்கள், சின்ன வயதிலிருந்து உங்கள் வீட்டில்தான் இருந்தானா, அப்படியென்றால் வேறு மாதிரி எழுதலாம், நன்றாகக் கேட்டுச் சொல் என்றார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் என்றே சொல்லலாம். அம்மா அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நீலப் போர்வையும் நண்டும் முதலாம் பிள்ளையும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன.

இல்லை, விடுமுறைக்கு மட்டும் வருவான் என்றேன்.

"என்னவாம் கேக்கிறா?" என்றார் அப்பா.

"வயசு கேக்கிறா" என்றேன்.

அப்பா டயானைப் பார்த்துச் சிரித்து, தலையாட்டி, பதினாறு என்று விரல்களால் காட்டினார். பிறகு டயான் காட்டிய இடத்தில் மெதுவாக, தமிழில் கையெழுத்து வைத்தார்.

மறுப்புக் கடிதம் வர ஏழெட்டு மாதம் ஆனது. அதை வாசித்துச் சொல்லவும் நான்தான். "ஏலாதாம்" என்றேன். ஏன் என்று கேட்டதற்கு, எழுதவில்லை என்றேன். அப்பா நம்பாமல் அந்தக் கடிதத்தை வேலையிடத்தில் ஒரு தமிழரிடம் காட்ட, அவர் வாசித்து, உங்கள் பிள்ளை இல்லை, தமையனின் மகன் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் அப்பா சப்பாத்தோடேயே வீட்டுக்குள் வந்தார். "நான் மகன் எண்டுதான் சொன்னனான். அந்த வெள்ளைக்காரி மாத்தி எழுதிப்போட்டாள். நீ பக்கத்தில இருந்தனி, சொல்லடா" என்றார்.

"ஓம் அப்பா" என்றேன்.

நான் சொன்ன பொய்கள் எல்லாவற்றிலும் இதுதான் கீழ்த்தரமானது. குசினி மேசையில் சொன்னவை பொறாமை, இது பயம். டயான் அடுத்த வியாழக்கிழமை கேக்கோடு வந்தபோது அப்பா அவர் முகத்துக்கு நேரே கதவை அடித்துச் சாத்தினார். பின்பக்கமாய்ப் போய் கேற்றடியில் நின்ற என்னிடம், தான் ஏதாவது பிழை செய்துவிட்டேனா என்று அவர் கேட்டார். அப்பாவுக்கு உங்களைப் பிடிக்காது என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேக்கைத் தபால் பெட்டியின்மேல் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதைக் கடதாசியோடு குப்பைக்குள் போட்டாள். இனி இந்த வெள்ளைக்காரரின் உதவியே வேண்டாம் என்று அப்பா திரும்ப விண்ணப்பிக்கப் போகவில்லை. பிறகு ரூபனுக்கும் பதினெட்டு முடிந்து, பிள்ளையாகக் கூப்பிடும் வயதும் தாண்டிவிட்டது. சண்டை முற்றி, தொலைபேசி எடுபடாமல் போன மாதங்களில் அம்மா சாப்பிடாமல் கிடந்தபோதெல்லாம் எங்கள் வீட்டில் சாபம் விழுந்தது டயானின் தலையில். நானும் சேர்ந்து திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.

பதினாலு வயதில் ஒருநாள் நான் மேலே ஏறிப் படுத்தேன். அப்பா வந்து பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். கால் முறிக்கப்பட வேண்டும் என்று நான் அன்றைக்கு விரும்பினேன் என்றால் நம்புவீர்களா? பொலித்தீனின் சத்தத்தில் ஒரு கண் நித்திரை வரவில்லை. அடுத்த நாளே கீழே இறங்கிவிட்டேன். பழைய தளபாடங்களைத் தெருவோரம் போட்டால் நகரசபை வந்து அள்ளிப் போகும் 'இன்ஓர்கானிக்' வாரம் ஒன்றில் அப்பா அந்தக் கட்டிலைத் தனியாகவே கழற்றி வெளியே வைத்தார். லொறி வருமுன்பே ஆரோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ரூபன் தப்பியிருந்தான். இப்போது சுன்னாகத்தில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறான், இரண்டு பெண்பிள்ளைகள். "மூத்தவன் இருக்கிறான் எனக்குக் கொள்ளி வைக்க" என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். போன வருடம் அவர் போனபோது, இங்கத்தைய முறைப்படி எரியூட்டும் மண்டபத்தில் ஒரு பொத்தானை அமத்தினேன், அவ்வளவுதான் கொள்ளி. ரூபன் அதைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கட்டில், அவனுடைய கொள்ளி, இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன். அப்பா டயானைப் பகைத்தபடியே செத்துப்போனார். நான் அவரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தது, சொல்லவில்லை.

அந்த மரவீடும் இப்போது இல்லை. இடித்துவிட்டு மூன்று மாடியில் வரிசை வீடுகள் கட்டியிருக்கிறார்கள்; எங்கள் பின்னறை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அப்பாவின் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு ரூபன் வரவேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்க, போன கிழமை நான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து அவனுடைய விசா விண்ணப்பத்தை நிரப்பினேன். அழைக்கிறவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டிருந்தது. தம்பி என்று எழுதினேன். முப்பது வருடமாகப்போகும் ஒரு பிழையை ஒரு சொல்லால் திருத்திவிட்டதாய் எனக்கு ஒரு பெருமைகூட. சரிபார்க்க அவனுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தான்.

"தம்பி, பிழையா எழுதிப்போட்டாய். சேர்டிபிக்கட்டில என்ர அப்பான்ர பேர் வேற எல்லே? பிடிபட்டால் பிறகு விசாவே தராங்கள். கசின் எண்டு போடு. அதுதானே உண்மை."

அன்றைக்கு டயானிடம் நான் சொன்னது அவனுக்குத் தெரியுமா, தெரியாமல்தான் சொல்கிறானா என்று அந்தக் குரலில் தேடினேன்; ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன, சத்தத்தைக் காணேல்லை? அம்மாட்டை மட்டும் சொல்லிப்போடாதை. ரெண்டு பேருக்கும் வாயில சூடு வைப்பா" என்று சிரித்தான்.

எழுதியதை அழித்துவிட்டு, பத்து வயதில் எந்தச் சொல்லால் அவனை வெளியே நிறுத்தினேனோ அந்தச் சொல்லையே, அவன் உள்ளே வருவதற்காக எழுதினேன். "போட்டுட்டன் அண்ணா" என்றேன்.