பெரியம்மாவுக்காக நான் கேட்ட டிரம்

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சித்தப்பாவும் மாமாவும் சண்டை போடுகிற நாள். காணிச் சண்டை இல்லை, காணி இருந்தால்தானே. லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு வைத்திருந்தார்கள். அதில் டிரம் அடிப்பவர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார். அப்படி மாறி மாறி அடித்தவர்களில் யார் கெட்டிக்காரர் என்பதுதான் சண்டை. எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் மாமா கட்சி.

முதலில் அடித்தவர் ஹட்டனில் முறையாகப் படித்தவர். அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட, இரண்டாவதாக வந்தது பெரியம்மாவின் ஒரே மகன், என் அண்ணன். அதுவரை அவன் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் தப்பு அடித்துக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் தப்பின் தோல் தளர்ந்துவிடும். காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்தி அனலில் காட்டினால்தான் சத்தம் எழும். சேர்ந்த முதல் வாரமே அண்ணன் பழக்கதோஷத்தில் டிரம்மையும் அப்படியே அனலில் காட்டினான். பிளாஸ்டிக் தோல் ஓர் ஓரமாகப் பொசுங்கிச் சுருங்கிவிட்டது. மாற்ற வழியில்லாமல் அதையேதான் அடித்தான். ஒவ்வோர் அடிக்குப் பின்னாலும், போத்தலுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் சன்னமாக ஓர் இரைச்சல் வரும்.

சித்தப்பாவுக்கு அந்த இரைச்சலே ஆகாது. பதிவு என்றால் துடைத்துவைத்த மாதிரி இருக்க வேண்டும் என்பார். மாமாவோ அந்த இரைச்சலை எடுத்துவிட்டால் பாட்டில் என்ன மிஞ்சும் என்று கேட்பார். ஒரே பாட்டைப் பத்துத் தரம் போட்டுத் தேநீர் ஆறும்வரை வாதாடுவார்கள். நானும் ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு மாமாவுக்குச் சாட்சி சொல்வேன். என் காது கூர்மை என்று லயமே சொல்லும்.

அந்த வருடம் அடைமழை. குழுவினர் பழைய பிள்ளைக்காம்பராவில்தான் பயிற்சி செய்வார்கள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் முன்பு பிள்ளைகளை விட்டுப்போன கட்டடம் அது. உள்ளே தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு, டிரம்மை எடுத்துவர அண்ணன் தனியாகப் போனான். மேலே இருந்த மலை அப்படியே இறங்கிவிட்டது. நாள்கணக்கில் தோண்டினார்கள். அண்ணனும் கிடைக்கவில்லை, டிரம்மும் கிடைக்கவில்லை.

சில மாதம் கழித்து வட்டவளையிலிருந்து மூன்றாவதாக ஒரு பையன் புது டிரம்மோடு குழுவில் சேர்ந்தான். நுவரெலியாவில் புதுப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார்கள். மாமா அதை வாங்கிவந்து ஞாயிறன்று போட்டார். பாட்டின் நடுவில் அவர் தாளம் போட்ட விரல் நின்றது. போத்தலுக்குள் அந்த வண்டு. சித்தப்பா எழுந்துவந்து மறுபடி போட்டார். மறுபடியும் இருந்தது. அன்று இருவரும் சண்டை போடவில்லை.

வட்டவளைப் பையனை வீட்டுக்கு அழைத்து, பழைய பதிவு எதையாவது ஒட்டினீர்களா என்று விசாரித்தார்கள். எல்லாம் நானே அடித்ததுதான் என்றான் அவன். பாட்டைப் போட்டோம். தலை குனிந்தபடி கேட்டான். முடிந்ததும் குடிக்காத தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனான். அந்த வாரமே குழுவிலிருந்தும் விலகிவிட்டானாம். அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பக்கத்து அறையில் இருந்த பெரியம்மாவுக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. உடல் இல்லாவிட்டாலும் சரிந்த இடத்து மண்ணில் ஒரு பிடி வைத்துக் காரியம் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் நாள் குறித்திருந்தார்கள். மண்ணும் மஞ்சள் துணியில் முடிந்து தயாராக இருந்தது. பெரியம்மா காரியத்துக்கு உட்கார மறுத்துவிட்டார். செத்தவன் எப்படிப் புதுப் பாட்டுக்கு அடிப்பான் என்று கேட்டார். பிறகு சித்தப்பாவையும் மாமாவையும் கூப்பிட்டார்.

"அவன் அடியக் கேட்டுக் கேட்டுச் சண்ட போட்டவங்க நீங்க ரெண்டு பேரும்தான். இது அவன் கை இல்லன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நான் உக்காருறேன்."

சித்தப்பா இல்லை என்று உடனே சொல்லிவிட்டார். மாமா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்த வட்டவளப் பையன்தான்க்கா. நம்ம புள்ள இல்ல."

எனக்குத் தாங்கவில்லை. எத்தனை ஞாயிறு நாங்கள் ஜெயித்திருக்கிறோம். இன்று போய் மாமா சித்தப்பாவிடம் தோற்பதா?

"மாமா பொய் சொல்றாங்க, பெரியம்மா. அது அண்ணன்தான்."

யாரும் என்னை அடிக்கவில்லை. மாமா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா மஞ்சள் துணியை அவிழ்த்து மண்ணை வாசலில் கொட்டினார். பிறகு என்னை இழுத்து உச்சி முகர்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பெரியம்மா என்னைத் தன் அறைக்கு அழைத்து, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். பாட்டைப் போட்டார். அண்ணன் எந்த ஊரிலிருந்து அடிக்கிறான் என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஊர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் உடப்புசல்லாவை என்றேன். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லக் கேட்ட ஊர்ப் பெயர். நீளமாக இருந்ததால் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த நாள் காலை, தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெரியம்மா பெயர் கொடுக்கவில்லை. முதல் பஸ்ஸில் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். இருட்டுகிற நேரத்தில், சேலை முழங்கால்வரை நனைந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பிவந்தார். ஈரத்தைக்கூடத் துடைக்காமல் நேரே என்னிடம்தான் வந்தார். அவருக்கு என்மேல் கோபமே இல்லை.

"அங்க இல்ல, புள்ள. இன்னொரு தரம் நல்லாக் கேளு."

நானும் சந்தோஷமாகப் பெட்டியில் காதை வைத்தேன்.