கண்ணு என்று கூப்பிடாதீர்கள்

இன்பமேரியைப் பொறுமைசாலி என்று ஏற்காட்டு மலையிலுள்ள வெள்ளக்கடையில் சொல்வார்கள். அடி வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவளுக்கு ஊர் வைத்த பெயர் அது. போன வருடம் கோயில் திருவிழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகக் கட்டிலில் கிடக்கும் கணவனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்கிறாளாம். முப்பது வருடமாக அந்தக் கணவன் அவளை என்ன பாடு படுத்தினான் என்று கை தட்டியவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

கணவன் பெயர் மரியஜோசப். காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவன். ஒவ்வொரு வருடமும் கவாத்து முடிந்ததும், வெட்டிப்போட்ட காப்பிக் கிளைகளைக் கிளறி, வளையாத குச்சியாக ஒன்றை எடுத்துத் தோல் சீவி வீட்டுக்குக் கொண்டுவருவான். குரங்கு விரட்ட என்பான். அவன் குடிக்கமாட்டான், கத்தவும் மாட்டான். கட்டிலில் உட்கார்ந்து, குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ணு, இங்க வா" என்று கூப்பிடுவான். அவ்வளவு மெதுவாகக் கூப்பிடுவான். பக்கத்து வீட்டில் கேட்டால் பெண்டாட்டியைக் கொஞ்சுகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

சேலம் பக்கத்தில் குழந்தையை, மருமகளை, கடைக்கு வரும் சின்னப் பெண்ணை, எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவது. இன்பமேரி மட்டும் அந்தச் சொல்லை யாரிடமும் சொல்வதில்லை. பெற்ற மகள் அபிஷாவைக்கூட சாமி, சாமி என்றே கூப்பிட்டு வளர்த்து, திருப்பூரில் கட்டிக் கொடுத்தாள்.

ஒருமுறை அவள் கையில் கட்டோடு பூசைக்குப் போனதைப் பார்த்துவிட்டுப் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்தார், மரியஜோசப்புக்குப் புத்தி சொல்ல. இன்பமேரி கணவனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "அவரு ஒண்ணும் பண்ணலீங்க சாமி. நாந்தான் களத்துல வழுக்கி உழுந்துட்டனுங்க" என்றாள். சாமியார் காப்பி குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு மரியஜோசப் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டான்.

பக்கவாதம் அவனுடைய வலது கையையும் காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. எடுத்தது எல்லாவற்றையும் எடுத்திருக்கலாம். ஒரு சொல்லை மட்டும் வாயில் விட்டுவிட்டுப் போனது. சிலருக்கு அப்படிப் பழகின சொல் ஒன்று தங்கிவிடும் என்றார் சேலத்து டாக்டர். தண்ணீர் வேண்டுமென்றால் கண்ணு. ஒன்றுக்கு வந்தால் கண்ணு. மூக்கில் ஈ உட்கார்ந்தால் கண்ணு. ஒவ்வொரு தடவையும் இன்பமேரியின் கை செய்கிற வேலையில் அப்படியே நின்றுவிடும். அப்புறம் எழுந்துபோய் வேண்டியதைச் செய்வாள்.

அவள் காலையில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தாள். மதியம் மிஞ்சும் சோற்றை வாளியில் எடுத்துக்கொண்டு, கிளியூர் போகும் வழியில் இருந்த நாய் ஷெட்டுக்குப் போவாள். அதை நடத்தியவள் ஷீனா, மார்த்தாண்டத்துப் பெண். கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்தவள், சீசனுக்கு வந்தவர்கள் விட்டுவிட்டுப் போகும் நாய்களைப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தாள். எல்லா நாயையும் அவள் ஊர்ப் பக்கத்து வழக்கப்படி "மக்ளே" என்றுதான் கொஞ்சிக் கூப்பிடுவாள்.

அதில் ஒரு பெட்டை, செம்மண் நிறம், ஒரு காது கிழிந்தது. பூட்டிக் கிடந்த ஒரு பங்களாவின் பின்கட்டில் சங்கிலியோடு கிடந்ததாம். யார் கட்டியது என்று கடைசிவரை தெரியவில்லை. சங்கிலி இருந்த இடத்தில் கழுத்தைச் சுற்றி முடியே இல்லை. அது யாரிடமும் வராது. சோற்றைக்கூட ஆள் போன பிறகுதான் தின்னும். என்ன காரணமோ, இன்பமேரி வாளியோடு உட்கார்ந்தால் மட்டும் நாலடி தள்ளி வந்து நிற்கும்.

ஜூன் மாதம் இடத்துக்காரர் ஷெட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஷீனா ஒவ்வொரு நாயாக வீடு தேடிக் கொடுத்தாள். இந்த ஒன்று மட்டும் நின்றது.

"எடுக்க ஆளில்லைன்னா சேலத்துல பெரிய ஷெட்டுக்கு அனுப்பணும்க்கா. அங்க எரநூறு நாய் கெடக்கு. இது அங்க ஒரு மாசம் தாங்காது. நீங்க ஒரு வாரம் வச்சுப் பாருங்க. சரிப்படலைன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"எங்க ஊட்டுல ஏற்கெனவே ஒண்ணு கெடையில கெடக்குதே சாமி" என்றாள் இன்பமேரி. ஆனாலும் அவளுக்கு உள்ளுக்குள் ஆசையாக இருந்தது. அத்தனை பேரில் தன்னிடம் மட்டும் வருகிற ஒரு ஜீவன். அவளிடம் அப்படி எதுவும் வந்ததில்லை.

திங்கட்கிழமை வாடகைக்கு ஓட்டும் சின்னராஜின் ஜீப்பில் நாய் வந்து இறங்கியது. வீட்டுக்குள் நுழைந்ததும் கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் போய்ப் புகுந்துகொண்டது. முன்னறையிலிருந்து மரியஜோசப், "கண்ணு" என்றான். நாய் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்தது. அடியில் மூத்திரம் பரவியது. முன்னங்கால் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டன. ஆண் குரலுக்குப் பயப்படுகிறது போல என்று நினைத்து இன்பமேரி தரையைத் துடைத்தாள்.

மறுநாள் ஊர்க்காரி மேலக்காட்டுக் குப்பாயி பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்தாள். சிலிண்டர் சந்தில் எட்டிப் பார்த்து, "ஏங் கண்ணு, என்னத்துக்கு இப்புடிப் பயந்துக்கற?" என்றாள். அதே ஒட்டல், அதே நடுக்கம், அதே ஈரம். குப்பாயி பயந்துபோய் நகர்ந்துகொண்டாள்.

இன்பமேரி அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். குரல் இல்லை, ஆளும் இல்லை, சொல்தான். இதையும் எவனோ மெதுவாகத்தான் கூப்பிட்டிருக்கிறான். ஷீனாவின் ஷெட்டில் எல்லாம் மக்ளே என்பதால் ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. மூன்று வருடமாக, ஏன் முப்பது வருடமாகவே, வராத அழுகை அவளுக்கு அன்றைக்கு வந்தது. குப்பாயி போன பிறகும் அழுதாள். நாயை வைத்துக்கொள்வது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

புதன்கிழமை கணவனின் இடது கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தாள். "இனிமே அந்தப் பேச்சு இந்த ஊட்டுல வேண்டாமுங்க. எதுனா வேணுமின்னா இதால கட்டல்ல தட்டுங்க, வாரன்" என்றாள். அவன் முறைத்தான். கண்ணு என்றான். அவள் வரவில்லை. மறுபடி சொன்னான். அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாக்கு வறண்டு போன பிறகு கட்டில் சட்டத்தில் கரண்டி டங் என்று விழுந்தது. உடனே எழுந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

இரண்டே நாளில் வீட்டில் அந்தச் சொல் நின்றுபோனது. ஒரு கரண்டியில் நிற்கக்கூடிய விஷயமா இது என்று அவளுக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. வெள்ளிக்கிழமை காலை நாய் சிலிண்டர் சந்திலிருந்து தானாக வெளியே வந்தது. அவள் காலடியில் படுத்தது. சாயங்காலம் ஷீனா போனில் கேட்டபோது, "நொம்ப நல்லாருக்குது சாமி. நானே வச்சுக்கறன். ஞாயித்துக்கெழமை வந்து எழுதிக்க" என்றாள் இன்பமேரி.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். நாய் நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. முழுசாக நம்பின பார்வை.

"கண்ணு" என்றாள் இன்பமேரி.

ஏன் சொன்னாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. நாய் சரிந்து தரையில் ஒட்டியது. கால் நடுங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க இன்பமேரியின் நெஞ்சுக்குள் என்னவோ அவிழ்ந்து இறங்கியது. இனித்தது, அதை மறைப்பதற்கில்லை. இந்த ஐம்பத்து மூன்று வயதில் அவளைக் கண்டு யாரும் நடுங்கியது கிடையாது. அப்புறம் வெட்கமாகப் போய், முட்டை ஒன்றை அவித்து உரித்து நாய்க்கு வைத்தாள்.

சனிக்கிழமை இரண்டு தடவை கூப்பிட்டாள். முதல் தடவை ஹாஸ்டலில் வார்டன் சாம்பார் சரியில்லை என்று எல்லார் முன்னாலும் திட்டியதால் வந்த கோபத்தில். இரண்டாவது தடவைக்குக் கோபம் எதுவும் இல்லை. வேண்டும் என்று இருந்தது, கூப்பிட்டாள். குரலைத் தணித்துக் கூப்பிட்டால் நடுக்கம் அதிக நேரம் நிற்கிறது என்று கண்டுகொண்டாள். கூப்பிட்ட பிறகு முட்டை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தாள். கதவுக்குப் பின்னால் பழைய காப்பிக் குச்சி சாத்தியபடியே இருந்தது. மூன்று வருடமாக அதைத் தூக்கிப் போடவில்லை என்பதை அன்றைக்குத்தான் யோசித்தாள். கையில் எடுத்தாள். முன்னறையில் முக்காலி மேல் உட்கார்ந்து குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ணு, இங்க வா" என்றாள்.

நாய் வந்தது. வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டே வந்தது. இன்பமேரி அதன் தொடையில் ஓங்கி ஒன்று போட்டாள்.

அது கத்தவில்லை. அடி விழுந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. அதுவும் இன்பமேரிக்குத் தெரிந்த விஷயம்தான். விழப்போகிறது, விழப்போகிறது என்று காத்திருப்பதுதான் தாங்க முடியாது, விழுந்துவிட்டால் ஒரு நிம்மதி வரும். நாய் மெல்லத் தலையைத் தூக்கிக் குச்சி பிடித்த கையை நக்கியது.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மரியஜோசப் சிரித்துக்கொண்டிருந்தான். வாயில் பாதிதான் அசையும், அந்தப் பாதியால் சிரித்தான். கேலி இல்லை அது. ஒரே வேலை தெரிந்த ஆளை வழியில் பார்த்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. இன்பமேரி குச்சியைக் கீழே போட்டாள். கை கழுவப் போய், கழுவிக்கொண்டே இருந்தாள்.

மதியம் ஷீனா நாயை எழுதிக் கொடுக்கும் பேப்பரோடு வந்தாள், சின்னராஜின் ஜீப்பில்.

"வேண்டாம் சாமி. கூட்டீட்டுப் போயிரு" என்றாள் இன்பமேரி.

"என்னக்கா இது? முந்தாநாள்தானே வச்சுக்கறேன்னு சொன்னீங்க? அண்ணனுக்குத் தொந்தரவா இருக்கா?"

"எனக்குத்தான் ஆவலை."

"அப்ப சேலத்துக்குத்தான்க்கா போகும். வேற வழியில்லை. தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

"தெரிஞ்சுதான் சொல்றன்."

சின்னராஜ் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, உள்ளே இருந்த கூண்டைத் தட்டி, "ஏறு கண்ணு" என்றான், எல்லாரையும் கூப்பிடுவதுபோல. நாய் ஒரே பாய்ச்சலில் ஓடிவந்து இன்பமேரியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தது. அவள் காலில் அதன் உடம்பு நடுங்கியது. குச்சி பட்ட தொடை வீங்கியிருந்தது. அந்தத் தொடையைத்தான் அவள் காலோடு அழுத்திக்கொண்டு நின்றது.

"பாருங்கக்கா" என்றாள் ஷீனா. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "ஒலகத்துலயே நீங்கதான் கதின்னு நிக்குது. இதப் போயி அனுப்பச் சொல்றீங்களே."

பங்குச் சாமியார் வந்த நாள் இன்பமேரிக்கு ஞாபகம் வந்தது. கணவனுக்கு முன்னால் ஓடிப்போய் நின்றாளே, அது. அன்றைக்கு அவளை யாராவது பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். கத்தக் கத்த இழுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

குனிந்தாள். நாயின் கிழிந்த காதுக்குப் பக்கத்தில், மிக மெதுவாக, "கண்ணு, உள்ள போ" என்றாள்.

நாய் போனது. வயிற்றை இழுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி, கூண்டின் கடைசி மூலைக்குப் போய் முகத்தைக் கம்பிப் பக்கம் திருப்பிக்கொண்டது. ஷீனா குனிந்து கூண்டுக்குள் பார்த்தாள்.

"அந்தச் சொல்லுதான் சாமி அதுக்கு ஆவறதில்ல. சேலத்துல அவியகிட்ட எழுதிக் குடுத்துரு, யாரும் இத அப்புடிக் கூப்புடக் கூடாதுன்னு."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"நான் கூப்புட்டுப் பாத்தன்" என்றாள் இன்பமேரி. "கூப்புட்டு அடிச்சும் பாத்தன். தொடையில வீங்கியிருக்குது, மருந்து போடு."

ஷீனா கூண்டை மூடி, ஜீப்பின் பின்கதவைச் சாத்தினாள். பொறுமைசாலி அக்கா என்று அவளும் ஊரோடு சேர்ந்து சொன்னவள்தான். பேப்பரை மடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். ஜீப் வளைவில் திரும்பும்வரை இன்பமேரி வாசலில் நின்றாள். இனி ஷீனா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு இந்த வாசலுக்கு வரமாட்டாள் என்பது தெரிந்தது. சேலத்தில் அது எத்தனை நாள் தாங்கும் என்பதையும் நினைத்தாள். அழுகை வரவில்லை.

உள்ளே கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. டம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு போனாள். மரியஜோசப்பின் முகத்தில் அந்தப் பாதிச் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்பமேரி அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கி, எட்டாத உயரத்தில் பரண்மேல் வைத்தாள். நாயை அனுப்பிவிடலாம், கேட்க ஆள் வரும். இவனை எடுத்துக்கொள்ள யாரும் பேப்பரோடு வரப்போவதில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நெற்றியில் விழுந்திருந்த அவன் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"என்ன கண்ணு?" என்றாள், மெதுவாக.

சிரிப்பு நின்றது. அந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன வரும் என்று அந்த வீட்டில் அவனுக்குத் தெரியாததா. அவனுடைய நல்ல கை மேலே எழுந்து முகத்தை மறைத்துக்கொண்டது.

அந்தக் கை இறங்கட்டும் என்று இன்பமேரி தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவசரம் எதுவும் இல்லை.