கையைப் பார்க்கும் கீதாஞ்சலி சிஸ்டர்

கீதாஞ்சலி சிஸ்டர் முதலில் கையைத்தான் பார்ப்பார். பச்சைக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போக வருகிறவர் யாராக இருந்தாலும், "கையக் காட்டு கண்ணு" என்பார். நகம், வளையல், கோயில் கயிறு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கரை வேட்டியும் கல் மோதிரமுமாக மனைவியோடு பேரனைப் பார்க்க வந்த ஒரு பெரிய மனிதரை, "மோதரத்தக் கழட்டி அம்மிணிகிட்டக் குடுத்துப்போட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுட்டு வாங்க சாமி" என்று திருப்பி அனுப்பினார். மோதிரம் லேசில் கழலவில்லை. அவர் குழாயடியில் நின்று தன் விரலோடு மல்லுக்கட்டியதை வராந்தாவில் இருந்த நாங்கள் எல்லோரும் நன்றாக ரசித்தோம். எங்களுக்கும் வேறு பொழுதுபோக்கு இல்லை.

கதவு என்றால் சிஸ்டருக்கு முழங்கையால் தள்ளுவதற்கு. டீக்கடையில்கூட, ஆஸ்பத்திரிக் குழாய் என்ற நினைப்பில் முழங்கையால் மூடப் பார்த்து, அது திருகுக் குழாய் என்று கண்டதும் தன்னைத்தானே வைதுகொள்வார். கழுவிக் கழுவி விரல் கணுக்களில் தோல் வெடித்திருக்கும். பெருமாநல்லூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் கைப்பையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவிக்கொள்வார். அந்த நேரத்தில் மட்டும் அவர் யாரையும் அதட்ட மாட்டார்.

காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கிற எனக்கு அந்த வராந்தாவில் என்ன வேலை என்றால், என் தங்கை மகள் மாதம் நிறையாமல் பிறந்து உள்ளே சூடு காக்கும் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு வயிறு உடனே பாலை ஏற்காது. கையிலோ காலிலோ நூல் கனத்துக்கு ஒரு குழாயை நரம்புக்குள் விட்டு, இதயத்துக்குப் பக்கம்வரை கொண்டுபோய், அது வழியாகத்தான் சத்து நீரை ஏற்றுகிறார்கள். அதை 'லைன்' என்கிறார்கள். உயிர் காக்கிற வழிதான். கிருமி நுழைந்தால் நேரே ரத்தத்தில் கலந்துவிடுகிற வழியும் அதுவே. அதனால் அது தோலுக்குள் நுழையும் இடத்தைப் பிளாஸ்டர் ஒட்டி மூடிவைக்கிறார்கள்; லைனின் மூடியைத் திறக்கும் முன் ஸ்பிரிட்டால் அழுத்தித் தேய்த்து, அது காய்கிறவரை காத்திருக்க வேண்டுமாம். அவசரப்படும் சின்ன நர்சுகளிடம் சிஸ்டர், "காயட்டும். காயறதுக்குள்ள என்ன, ரயிலா போயிருது?" என்பது கண்ணாடிக்கு வெளியே வரைக்கும் கேட்கும்.

எங்களுக்குப் பக்கத்து பெஞ்சில் சத்யப்பிரியா. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டுகிற வேலை. அந்தக் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே என் சட்டைத் தோளில் இருந்த நூலைப் பிடுங்கிவிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா, கை தானாப் போகுதுங்க" என்று கூச்சப்பட்டாள். அவளுடைய மகனும் உள்ளே லைனோடுதான் கிடந்தான்; நன்றாகத் தேறி வந்தான்.

ஒருநாள் காலை அந்தப் பிள்ளை வெளிறிப்போய், மூச்சை விட்டு விட்டு இழுக்க ஆரம்பித்தான். லைன் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று சந்தேகப்பட்டு, ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். லைனையும் எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா வெளியே வந்து நிலைமையைச் சொல்லி முடித்தபோது சத்யப்பிரியா எழுந்து நின்றாள்.

"நானுதானுங்க பண்ணிப்போட்டேன். நேத்துச் சாயங்காலம் லைன் மேல இருந்த பிளாஸ்டர் ஓரம் தூக்கிட்டு நின்னுதுங்க. பிசிறுன்னு கை போயிருச்சுங்க. பிச்சு எடுத்துப்போட்டனுங்க."

 வராந்தாவில் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். டாக்டரம்மா கோபப்படவில்லை. "சொன்னது நல்லதும்மா. இனிமே அதுல கை வெக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பின்னால் கீதாஞ்சலி சிஸ்டர் நின்றிருந்தார். இவர் இப்போது ஆடித் தீர்க்கப்போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன்.  அவரோ கதவை முழங்கையால் தள்ளவும் மறந்து, கையாலேயே தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு சிஸ்டர் யாரிடமும் கையைக் காட்டச் சொல்லவில்லை. "கழுவீட்டீங்களா?" என்று தரையைப் பார்த்துக் கேட்பார். ஆமாம் என்றால் விட்டுவிடுவார். சத்யப்பிரியா இருக்கும் பக்கம் மட்டும் வரவே மாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமானால் வேறு நர்சை அனுப்புவார். உடம்புக்குத்தான் ஏதோ என்று என் தங்கை சொன்னாள். நானும் நம்பினேன்.

பிள்ளைக்கு மருந்து பிடித்துக்கொண்டது. இனி அம்மா நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தால்தான் சூடும் நிற்கும், தாய்ப்பாலும் ஊறும் என்றார் டாக்டரம்மா. சத்யப்பிரியா மாட்டேன் என்றாள். இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டு, "இந்தக் கையி வேண்டாமுங்க. வேற ஆராச்சும் வெச்சுக்கட்டும்" என்றாள். அவள் கணவன் சென்னிமலை கெஞ்சிப் பார்த்தான். அதட்டிப் பார்த்தான். அவள் அசையவில்லை. கறந்து கொடுக்கும் பாலும் குறைந்து, ஒருநாள் பாட்டிலின் அடியைக்கூட மறைக்கவில்லை. கண்ணாடி வழியாக மகனைப் பார்த்தபடி நிற்பாள். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே மனம் வராது.

நேற்று மத்தியானம் அந்தப் பாட்டிலை வாங்க வேறு யாரும் இல்லாததால் கீதாஞ்சலி சிஸ்டரே வந்தார். வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே போனவர், கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்து சத்யப்பிரியாவுக்கு முன்னால் நின்றார். பெஞ்சில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு இத்தனை பேர் இருக்கிறோமே என்றுகூட அவர் பார்க்கவில்லை.

"கண்ணு, நீ பிச்சதுக்கு முன்னாலயே அந்த பிளாஸ்டர் பிரிஞ்சிருந்துச்சு. அன்னைக்குக் காலையிலேயே நான் பாத்தேன். பாத்த ஒடனே மாத்தியிருக்கோணும். அதுக்கு ரெண்டு பேரு வேணும். இன்னொரு பொண்ணு வேலையா இருந்தா. சித்தப் பொறுத்து மாத்திக்கலாம்னு விட்டேன். டூட்டி முடிஞ்சுது. அடுத்து வந்தவங்ககிட்டச் சொல்லாமயே பஸ் ஏறிட்டேன்."

சத்யப்பிரியா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எந்திரிச்சு நின்னு சொன்னப்ப நானும் அங்கதான் இருந்தேன். சொல்ல வாய் வரல. ஊரையெல்லாம் கையக் காட்டச் சொன்னவ, எப்படிச் சொல்றதுன்னு வெக்கம். உன்ற கையாலதான் வந்துதுன்னு ஆரும் சொல்ல முடியாது கண்ணு. நான் விட்டது முந்தி. இப்ப டாக்டரம்மாகிட்டயும் சொல்லிப்போட்டுத்தான் வந்தேன்."

சென்னிமலை எழுந்தான். அடித்துவிடுவானோ என்று பயந்து நானும் எழுந்தேன். அவன் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஏனுங்க சிஸ்டர், இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்லீங்க? இவ சோறே திங்கலீங்க."

"சொல்லியிருக்கோணுமுங்க" என்றார் சிஸ்டர். மகன் வயதுள்ள அவனை அவர் 'ங்க' போட்டுப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

சத்யப்பிரியா துப்பட்டாவுக்குள்ளிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்தாள். அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் தூக்கலாமுங்களா?"

சிஸ்டர் ஆமென்று தலையை ஆட்டினார்.  சத்யப்பிரியா அவரைத் தாண்டிக் குழாயடிக்கு ஓடினாள். அங்கிருந்து ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி கதவுக்குள் நுழைந்தாள். ஓடிய வேகத்தில் அவள் உதறிவிட்டுப் போன செருப்பு, ஒன்று பெஞ்சுக்கு அடியிலும் ஒன்று நடுவழியில் குப்புறவும் கிடந்தது.

கீதாஞ்சலி சிஸ்டர் குனிந்தார். இரண்டையும் தன் கையாலேயே எடுத்துக்கொண்டுபோய், சுவரோரம் ஜோடியாகச் சேர்த்து வைத்தார்.