நுணாவிலில் நிற்காமல் போனவர்

அச்சுவேலிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் இருபத்திரண்டு வருடம் மனேச்சராக இருந்த தம்பிஐயாவைப் பற்றி ஊரில் ஒரு பகிடி இருந்தது. மனேச்சர் சீனி நிறுத்தால் எறும்பு பட்டினி கிடக்கும் என்பார்கள். தராசு முள் நடுவில் வந்து ஆட்டம் அடங்கும்வரை அவர் சுண்டுவிரலைக்கூட அசைக்கமாட்டார். ஒருநாள் அடைமழையில் கடை பூட்டும்போது யாரோ வெறுஞ்சாக்கு ஒன்றை எடுத்து நீட்டி, தலையில் போட்டுக்கொண்டு போகச் சொன்னார்கள். "உது சங்கத்தின்ரை சாக்கு," என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே போனார். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார்.

அரிசியை அப்படி நிறுக்கத் தெரிந்தவருக்குச் சொல்லை நிறுக்கத் தெரியவில்லை. மற்றவர்கள் ஒரு காதால் வாங்கி மறு காதால் விடும் சொல், அவருக்குள் விழுந்தால் வேர்விட்டுவிடும்.

மனைவி பத்மாசினிக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதயத்தின் வால்வு ஒன்றைப் பழுதாக்கியிருந்தது. கலியாணமாகி இரண்டாம் வருடம், பிள்ளை பெறுவது உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் சொன்னார். பஸ் நிற்குமிடம்வரை நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கும். தம்பிஐயா சேமிப்பை எல்லாம் எடுத்து ஒரு வெஸ்பா ஸ்கூட்டர் வாங்கினார். பிள்ளைக்குப் பதிலாய் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார் என்று யாரோ சொன்னது பத்மாசினியின் காதுக்கு வந்தது. அவள் அதை அவருக்குச் சொல்லவே இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் தொண்டைமானாற்றுச் சந்நிதிக்குப் போவார்கள். மாதத்தில் ஒருதரம் நுணாவிலுக்கு. நுணாவிலில் பத்மாசினியின் அக்கா கமலாவதி இருந்தாள். தாய் நேரத்தோடு போய்விட்டதால் தங்கச்சிக்குத் தலை இழுத்துப் பின்னி, சோறு தீத்தி வளர்த்தவள் அவள்தான். அவளுடைய கணவர் பஞ்சலிங்கம் வாயில் வந்ததைச் சொல்லிச் சிரிக்கிற மனிதர். மனதில் ஒன்றும் வைத்திருக்கமாட்டார்.

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் இந்திய ஆமியோடு சண்டை தொடங்கியபோது தம்பிஐயாவும் பத்மாசினியும் உடுத்த உடுப்போடு நுணாவிலுக்குப் போனார்கள். அந்தச் சின்ன வீட்டில் பதினேழு பேர். நான்காம் நாள் மத்தியானம் எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது பஞ்சலிங்கம் சொன்னார்:

"சங்கக்கடை மனேச்சர் வாறார் எண்டவுடனை, இனி அரிசிக்குப் பஞ்சமில்லை எண்டு பாத்தன். மனுசன் ஒரு சுண்டு அரிசியும் கொண்டரேல்லை."

பதினேழு பேரும் சிரித்தார்கள். பத்மாசினியும் சிரித்தாள். தம்பிஐயா கோப்பையைக் கீழே வைத்தார். அரை மணித்தியாலத்தில் ஸ்கூட்டரை வெளியே உருட்டினார். பஞ்சலிங்கம் ஓடிவந்து ஹாண்டிலைப் பிடித்தார்.

"எட மனுசா, பகிடிக்குச் சொன்னது. செல்லடிக்குள்ளை எங்கை போகப்போறீர்?"

"கையை எடும்," என்றார் தம்பிஐயா.

அன்றோடு போக்குவரத்து விட்டுப்போனது. அக்கா வீட்டுக்குப் போகவேண்டாம் என்று அவர் மனைவிக்கு ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் ஸ்கூட்டர் இல்லாமல் அவளால் போகமுடியாது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு நடுப்பகுதியோடு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. வாகனமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. தம்பிஐயாவின் வெஸ்பாவை மாற்றிக் கொடுத்தவர் அச்சுவேலிச் சந்தியில் கராச் வைத்திருந்த அடைக்கலநாதன். ஒரு மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். காபரேற்றருக்குள் அதில் நாலு சொட்டு விட்டு உதைக்கவேண்டும். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடவேண்டும். பின்னால் புகை கோயில் தூபம்போல வரும்.

"மனேச்சர் அண்ணை, குளிர்ந்து கிடந்தால்தான் உந்தப் போத்தல் தேவை," என்று அடைக்கலநாதன் விளங்கப்படுத்தினார். "எஞ்சின் சூடாய் இருந்தால் கால்மணித்தியாலம் நிப்பாட்டினாலும் மண்ணெண்ணெயிலையே ஸ்டார்ட் வரும். வழியிலை சும்மா சும்மா பெற்றோலை ஊத்திப்போடாதேங்கோ."

தொண்ணூற்றொன்று மாசி கடைசியில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பங்குனி இரண்டாம் வெள்ளிக்கிழமை பத்மாசினி வால்வு ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரியில் வந்து படுக்கவேண்டும். அந்தத் திகதி தவறினால் அடுத்தது ஆறு மாதத்துக்குப் பிறகுதான். ஆறு மாதம் தாங்காது என்று யாழ்ப்பாணத்து டொக்டர் தம்பிஐயாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

ஆனையிறவு ரோட்டு மூடிக்கிடந்தது. கேரதீவுக்குப் போய், பாதை என்கிற மிதவையில் ஸ்கூட்டரை ஏற்றிக் கடல்நீரைக் கடந்து சங்குப்பிட்டியில் இறங்கி, பூநகரி, பரந்தன், மாங்குளம் என்று ஓமந்தைவரை போகவேண்டும். நூறு மைலுக்குக் கிட்ட வரும். லொறித் தட்டில் சனத்தோடு சனமாக நெரிபட்டுப் போக பத்மாசினியால் முடியாது. தம்பிஐயா ஸ்கூட்டரிலேயே கொண்டுபோவதென்று முடிவெடுத்தார். பின் சீற்றுக்கு இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று வைத்துக் கட்டினார்.

புதன்கிழமை விடியப்புறம் வெளிக்கிட்டார்கள். பத்மாசினி ஒரு பக்கமாக, இடதுபுறம் பார்த்து இருந்தாள். வலது கை அவருடைய தோளில். கோப்பாய் தாண்டியதும் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, அக்காவுக்குச் சொல்லியனுப்பினனான். படலையடியிலை நிப்பா. நான் இறங்கமாட்டன். ஒருக்கால் முகத்தைக் கண்டிட்டுப் போவம்."

"பாப்பம்," என்றார்.

கைதடியில் மறுபடி கேட்டாள். "ரெண்டு நிமிசம். நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை."

"நிப்பாட்டினால் பேந்து ஸ்டார்ட் வராது. மண்ணெண்ணெய். பெற்றோலும் சொட்டுத்தான் கிடக்கு. பாதையைத் தவறவிட்டால் வெள்ளிக்கிழமை கொழும்பிலை நிக்கேலாது. பிறகு உம்மடை இஷ்டம்."

"அப்ப வேண்டாம்," என்றாள் அவள் உடனே. எஞ்சினைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நுணாவில் வந்தது. கமலாவதியின் வீடு ரோட்டுக்கு வலதுபுறம். படலை திறந்திருந்தது. கமலாவதி குளித்து, நல்ல சேலை உடுத்தி, கையில் ஒரு சாப்பாட்டுப் பொதியோடு நின்றாள். தம்பிஐயாவின் கை அக்ஸிலேற்றரைத் தளர்த்தியது. அது உண்மை. நிற்கத்தான் நினைத்தார். அப்போது அவளுக்குப் பக்கத்தில் பஞ்சலிங்கம் நிற்பதைக் கண்டார். பஞ்சலிங்கம் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, வாரும் வாரும் என்று கையைக் காட்டினார். அந்தச் சிரிப்புத்தான். கமலாவதி தனியே நின்றிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று பின்னாளில் தம்பிஐயா எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கையை முறுக்கினார். வெஸ்பா புகையை அள்ளி வீசிவிட்டுப் பறந்தது.

படலை பத்மாசினிக்கு முதுகுப்பக்கம். அவள் உடம்பை முழுக்க வளைத்துத் திரும்பினாள். ஸ்கூட்டர் ஒரு ஆட்டம் ஆடியது.

"ஆடாதையும்," என்றார் தம்பிஐயா.

அவள் நேராக இருந்துகொண்டாள்.

தனங்கிளப்புக்குப் போகமுதலே அவருக்கு மனச்சாட்சி குத்தத் தொடங்கிவிட்டது. திரும்பினால் நாலு மைல். திரும்பவில்லை. பாதையில் நிற்கும்போது, "வரேக்கை ஒரு கிழமை அக்காவோடை நிண்டிட்டு வாரும்," என்றார். "ஓம்," என்று சொல்லி அவள் அவருக்காகச் சிரித்தாள். காற்றில் பறந்த தலைமயிரை ஒதுக்கிவிட்டு, போத்தலில் கொண்டுவந்த தண்ணீரை முதலில் அவருக்குத்தான் நீட்டினாள்.

சங்குப்பிட்டியில் குளிர்ந்து கிடந்த எஞ்சினுக்குப் போத்தல் பெற்றோலில் நாலு சொட்டு விட்டு உதைத்தார். பரந்தன் தாண்டி, கிளிநொச்சி தாண்டி, முறிகண்டி வந்தது. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் அந்த ரோட்டால் ஒரு வாகனமும் போகாது. சைக்கிள்காரனும் இறங்குவான், லொறிக்காரனும் இறங்குவான். அது பழக்கம், யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. தம்பிஐயா ஸ்கூட்டரை மரநிழலில் விட்டு எஞ்சினை நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார். கர்ப்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, பத்மாசினிக்கும் பூசிவிட்டார். அவள் வறுத்த கச்சான் கடலை ஒரு சரை வாங்கினாள். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

வந்து உதைத்தார். முதல் உதையிலேயே ஸ்டார்ட் வந்தது. போத்தலை அவர் தொடக்கூட இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். பத்மாசினி கச்சான் சரையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தாள். பிறகு தலையணையைச் சரிப்படுத்தி ஏறி இருந்து, கையை அவர் தோளில் வைத்தாள்.

"போவம்," என்றாள்.

ஏதாவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பார். ஓமந்தைவரை அவள் உடைத்து உடைத்துக் கொடுத்த கச்சானை அவர் பின்பக்கம் கையை நீட்டி வாங்கித் தின்றுகொண்டே போனார்.

அப்பால் ஆமியின் பகுதி என்பதால் ஓமந்தையில் தெரிந்த ஒருவர் வளவில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு, நடந்தும் இருந்தும் வவுனியா போய்ச் சேர்ந்தார்கள். வியாழன் காலை அங்கிருந்து ரயில். வெள்ளிக்கிழமை பத்மாசினி சொன்ன நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஒப்பரேசன் அடுத்த செவ்வாய்க்கிழமை. கண் விழித்தாள், கதைத்தாள், ஒரு வாய் தேத்தண்ணி கேட்டாள். மூன்றாம் நாள் விடிய, ஒருவருக்கும் சொல்லாமல் இதயம் நின்றுவிட்டது.

கொழும்பில் தெரிந்தவர்கள் நாலு பேர் வந்தார்கள். கொள்ளியைத் தம்பிஐயாவே வைத்தார். சாம்பல் முட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார். இழவுச் செய்தியை உரித்துக்காரருக்கு நேரில் போய்ச் சொல்லவேண்டும். இந்தத் தடவை நுணாவிலில் நிற்காமல் போக வழியில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் படலைக்கு வெளியே நின்றார். கிணற்றடியிலிருந்து வந்த கமலாவதி முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் வெறும் சீற்றைப் பார்த்தாள். அவர் வாய் திறக்கத் தேவைப்படவில்லை. நின்ற இடத்திலேயே மண்ணில் இருந்துவிட்டாள். அவள் அழுத சத்தத்துக்கு அயலட்டை வேலிகளில் சனம் கூடியது. பஞ்சலிங்கம் வந்து தம்பிஐயாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெகுநேரத்துக்குப் பிறகு கமலாவதி முகத்தைத் துடைத்தாள்.

"நீங்கள் மனசைப் போட்டு வருத்தாதேங்கோ," என்றாள். "உங்களிலை ஒரு பிழையும் இல்லை. அவள் எழுதினவள்."

உள்ளே போய் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். வவுனியாவில் தங்கிய அன்று எழுதி, ஊருக்குத் திரும்பிய மீசாலைப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டது. பத்மாசினியின் குண்டுக் கையெழுத்து.

'அக்கா, இண்டைக்கு நிக்காமல் போனதுக்குக் கோவிக்காதேங்கோ. மண்ணெண்ணெயில் ஓடுற எஞ்சினை நடுவழியில் நிப்பாட்டினால் பிறகு ஸ்டார்ட் வராது. எனக்கும் இப்ப அது நல்லாய்த் தெரியும். அவர் நிக்கத்தான் பாத்தவர். நான்தான் வேண்டாம் எண்டனான். அவரோடை கோவமாய் இருக்காதேங்கோ.'

தம்பிஐயா அதை இரண்டு தரம் வாசித்தார். முறிகண்டியில் அவள் நின்ற நிலை கண்ணுக்குள் வந்தது. அதற்குப் பிறகு எழுதிய கடிதம் இது. மடித்துக் கமலாவதியின் கையில் கொடுத்தார்.

"நிப்பாட்டியிருக்கலாம்," என்றார்.

"என்ன?"

"சூடாய்க் கிடக்கிற எஞ்சின் உடனை ஸ்டார்ட் வரும். எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியாது. வழியிலை முறிகண்டியிலை நிப்பாட்டிக் கும்பிட்டனாங்கள். அதிலை அவளும் கண்டவள். கண்ட பிறகுதான் உங்களுக்கு உப்பிடி எழுதியிருக்கிறாள்."

பஞ்சலிங்கம் அவருடைய கையை விட்டார். "என்னாலையோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

கமலாவதி கடிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளையாருக்கு நிண்டனீங்கள்," என்றாள்.

"ஓம்."

"அவள் என்னைக் கண்டவளோ?"

"திரும்பினவள். கண்டவளோ தெரியாது. நான் ஆடாமல் இருக்கச் சொன்னனான்."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொல்லத் தொடங்கிய பிறகு அவருக்குக் குறைத்து நிறுக்க வரவில்லை.

"முப்பத்தொண்டுக்கு நாங்கள் வருவம்," என்றாள் கமலாவதி. "அவள் நான் வளர்த்த பிள்ளை, அவளுக்குச் செய்யிறதைச் செய்யவேணும். அதுக்குப் பிறகு நீங்கள் இந்தப் படலைக்கு வரவேண்டாம்."

"ஓம்," என்றார் தம்பிஐயா.

சாம்பல் கரைக்கிற கீரிமலைக்குப் போக வழியில்லாத காலம் அது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையைத் தொண்டைமானாற்றில் செய்து சாம்பலைக் கரைத்தார்கள். கமலாவதியும் பஞ்சலிங்கமும் சொன்னபடி முதல் நாளே அச்சுவேலிக்கு வந்தார்கள். சமையல் முழுவதும் கமலாவதியின் கைதான். பத்மாசினிக்குப் பிடித்த முருங்கைக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பயற்றம் பணியாரம் எல்லாவற்றையும் செய்து படைத்தாள். பந்தியில் வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தவள் தம்பிஐயாவின் இலைக்கும் வந்தாள். மற்றவர்களுக்கு வைத்ததுபோலவே சோறு வைத்தாள், கறி வைத்தாள். போதுமா என்று கேட்கவில்லை. அடுத்த இலைக்குப் போனாள்.

அவர் கை கழுவி வந்து பார்த்தபோது இரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள். அடுக்களையில் சட்டிபானை எல்லாம் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. தம்பிஐயா அவற்றிலிருந்து தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.