வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். நான் தொடக்கநிலை ஆறோடு படிப்பை நிறுத்தியவன். சபையில் பேச வராது என்பதால் எழுதுகிறேன்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய எங்கள் பழைய கடைவீட்டின் மாடியில் அக்கா பிறந்தார். என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். பள்ளி உணவகத்தில் பல வருடம் பாத்திரம் கழுவினார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

இளவயதில் ஈப்போவில் பெரியம்மா வீட்டில் தங்கித் தையல் படித்தார் என்றுதான் நமக்கெல்லாம் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அக்காவுக்குப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது. அதையே கேலியாக்கினோம். பிள்ளைகள் அடம்பிடித்தால், “ஈப்போவுக்கு அனுப்பிடுவேன்” என்போம். பெரியவர்கள் சிரிப்பார்கள். அக்காவின் முன்னாலேயே நானும் என் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அந்த வீட்டைப் புதுப்பித்தோம். அக்காவும் பார்க்க வந்தார். மாடியில் பலகைச் சுவரைப் பிரித்தால் பின்னால் ஒரு கதவு. வெளிப்பக்கம் இரண்டு இரும்புத் தாழ்ப்பாள். அடியில் ஒரு தட்டு நுழையும் அளவுக்கு வெட்டி, கீல் வைத்திருந்தது. உள்பக்கம் கைப்பிடியே இல்லை.

வேலை செய்த புதுக்கோட்டைத் தம்பி, “நாய் கட்டி வச்சிருந்தீங்களாண்ணே?” என்றார்.

“நாய்க்கு எதுக்குத் தம்பி ரெண்டு தாழ்ப்பாள்? நான்தான் இருந்தேன்,” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, “இதாண்டா ஈப்போ.”

அக்கா விரும்பியவரை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பதினோரு மாதம் அந்த அறையில். தாழ்ப்பாளை அடித்தவர் அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா. தட்டைத் தள்ளியவர் அம்மா. நான் தொட்டிலில் கிடந்தேன்.

மருத்துவமனையில் கடைசி வாரம் அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “என் மலர்ல ஈப்போன்னு போட்றாதேடா.”

மலர் வேலை தொடங்கியதும் சித்தப்பா போன் செய்தார். “செத்தவ வந்து படிக்கவா போறா? ஈப்போன்னே போடு லா. எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு.”

“சரி சித்தப்பா,” என்றேன். அவரிடம் வேறு சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அக்காவைக் கடைசிவரை கவனித்த தாதியருக்கும், தெம்பனிஸில் அக்காவின் அண்டைவீட்டாருக்கும், அந்தக் கதவைக் கழற்றிப் போட்ட தம்பிக்கும் எங்கள் நன்றி. அக்காவின் பெட்டிக்கு முதலில் தோள் கொடுத்த சித்தப்பாவுக்கும் நன்றி. அவருடைய பேரப்பிள்ளைகள் நால்வருக்கும் ஆளுக்கொரு பிரதி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.