ஜன்னல் வைத்த பூட்டு

கடலூர் வீட்டுக்கு வாங்கிய புதுப் பூட்டை வைஸ் என்னும் இரும்புப் பிடியில் இறுக்கி, பக்கவாட்டில் அரத்தால் ராவி ஜன்னல் வைத்தேன். உள்ளே இருக்கும் குட்டிப் பித்தளைக் குச்சிகள் ஏறி இறங்குவது தெரிந்தால், சாவி இல்லாமல் கம்பியால் திறந்து பழகலாம். சிப்காட்டில் மெஷின் பழுது பார்க்கும் எனக்கு இது பொழுதுபோக்கு. என் மனைவியின் கணக்கில் இது நல்ல பூட்டைக் கெடுக்கும் வேலை.

ஒரே வாரத்தில் அரை நிமிடத்தில் திறக்கக் கற்றுக்கொண்டேன். கர்வம் தாங்காமல், ஜன்னல்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டுப் பார்க்காமல் திறக்க உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அதிலேயே போயிற்று. டேப் சரியில்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, "குடுங்க இப்டி" என்றாள். ஒரு வாரமாக என்னைப் பார்த்தவள்தானே. ஒரு கம்பியால் லேசாகத் திருப்பிப் பிடித்து, இன்னொன்றை உள்ளே விட்டுத் தடவினாள். கண் டிவியில் இருந்தது. விளம்பரம் முடிவதற்குள் பூட்டு திறந்துகொண்டது.

"எப்படி?" என்றேன்.

"சிதம்பரத்துலேர்ந்து எங்கப்பா சீரா குடுத்தனுப்புன பீரோவ தெனம் தெறக்கறேன். சாவிய கொஞ்சம் தூக்கி, எடது பக்கமா அழுத்தி, அது வழிக்கு வர்ற வரைக்கும் பொறுமையா தடவணும். அதுக்கு முன்னாடி இதெல்லாம் ஜுஜுபி."

ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று எனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது என் சட்டை பீரோவுக்குள் இருந்தது. சாவியும் அதிலேயே தொங்கியது. கல்யாணமான நாளிலிருந்து செய்வதைத்தான் அன்றும் செய்தேன். சமையலறைப் பக்கம் திரும்பி அவளைக் கூப்பிட்டேன்.